ஒரு பாட்டில், இரண்டு டம்ளர்: வேலூர் வெயிலில் பீர் குடிப்பது எப்படி

பீர் குடிக்கக்கூட ஒரு வழிகாட்டி வேண்டுமா என்று எங்கள் செட்டிலேயே கேட்டார்கள். வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். காபி என்றால் முதல் டிகாக்‌ஷனா இரண்டாவதா என்று கேட்கிறோம், பிரியாணி என்றால் சீரகச் சம்பாவா என்று பார்க்கிறோம், கத்தரிக்காய் வாங்கப் போனால்கூட இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் வந்திருக்கிறதா என்று மார்க்கெட் முழுக்கத் தேடுகிறோம். பீர் என்று வந்தால் மட்டும் "கூலிங் இருக்கா, ஸ்ட்ராங் இருக்கா" என்ற இரண்டு கேள்வியோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. அதே காசு, அதே பாட்டில்தான், ஆனால் கொஞ்சம் கவனம் வைத்தால் ருசியே வேறாக இருக்கும். காட்பாடியில் எங்கள் மொட்டை மாடியிலும் குடியாத்தம் பக்கம் சொந்தக்காரர் தோப்பிலும் பல வருடம் தப்பும் தவறுமாகக் குடித்துக் கற்றதை எழுதுகிறேன். பெரும்பாலும் என் நண்பர்களுக்கே பிடிக்காத கருத்துகள். 21 வயது ஆகாதவர்களுக்கு இது எழுதப்படவில்லை. குடிக்காமல் இருப்பவர் இதைப் படித்துவிட்டுத் தொடங்கவும் வேண்டாம்.

ஸ்ட்ராங்கை விடுங்கள்

இதைச் சொன்னால்தான் எல்லோருக்கும் கோபம் வருகிறது. நம் நாட்டில் விற்கும் பீரில் பெரும்பகுதி ஸ்ட்ராங், நம் ஊரிலும் அப்படியே. காரணம் எல்லோருக்கும் தெரியும்: மைல்டுக்கும் ஸ்ட்ராங்குக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, கிக்கில் இருக்கிறது, அப்புறம் யார் மைல்டு வாங்குவார்கள்.

ஆனால் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். 650 மி.லி. பாட்டிலில் 8 சதவீதம் ஆல்கஹால் என்று வைத்துக்கொண்டால் உள்ளே இருப்பது 52 மி.லி. சுத்த ஆல்கஹால், எடையில் 41 கிராம். 42.8 சதவீத பிராந்தியில் 60 மி.லி. லார்ஜ் ஒன்று ஊற்றினால் அதில் ஏறக்குறைய 20 கிராம்தான். ஆக, "நான் ஹாட் எல்லாம் தொடுறதில்லப்பா, பீர் மட்டும்தான்" என்று சொல்லிக்கொண்டு ஒரு ஸ்ட்ராங் பாட்டிலை முடிப்பவர் இரண்டு லார்ஜ் குடித்திருக்கிறார். இரண்டு பாட்டில் என்றால் நான்கு லார்ஜ், குவார்ட்டரைத் தாண்டிவிட்டது. கல்லீரல் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 7 முதல் 10 கிராம்தான் கழிக்கும், அதற்கு அவசரப்படத் தெரியாது. ஒன்பது மணிக்கு முடித்த ஒரே ஒரு ஸ்ட்ராங் பாட்டில் நடுராத்திரி தாண்டியும் உடம்பில் இருக்கும்.

போதை ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு இதில் பெரிய குறை ருசிதான். ஆல்கஹாலை ஏற்ற மால்ட்டோடு சர்க்கரை மாதிரி சாமான்களைச் சேர்க்கிறார்கள். அவை நொதித்து ஆல்கஹாலாக மாறுமே தவிர, வாயில் நிற்கிற மாதிரி எதையும் விட்டுவைக்காது. அதனால்தான் ஸ்ட்ராங் பீரில் முதலில் ஒரு அசட்டுத் தித்திப்பும் பின்னாலேயே தொண்டையில் ஒரு எரிச்சலும் வருகிறது. அந்த எரிச்சலை மறைக்கத்தான் நமக்கு அவ்வளவு கூலிங் தேவைப்படுகிறது. மைல்டில் தானியத்தின் வாசம் தெரியும், முளைகட்டி வறுத்த கேழ்வரகை அரைக்கும்போது வருமே, அதற்குப் பக்கத்து வாசம். மால்ட் என்பதும் அதே வேலைதான், பார்லியை ஊறவைத்து முளைகட்டிக் காயவைப்பது.

என் முறை இது: இரண்டு பேருக்கு ஒரு மைல்டு பாட்டில், இரண்டு டம்ளர். முடிந்து இன்னும் வேண்டும் என்று தோன்றினால் இன்னொன்று திறக்கலாம். ஆளுக்கொரு பாட்டில் வைத்துக்கொண்டால் கடைசிக் கால்வாசி எப்போதும் சூடாகி, நுரை செத்து, கடனுக்குக் குடிப்பதாகவே முடியும். ஸ்ட்ராங்தான் கிடைத்தது என்றால் அதையும் இரண்டாகப் பிரித்து ஐஸ் போடுங்கள். ஐஸைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வாங்கும்போது

கூலிங் இருக்கா என்று கேட்பதற்கு முன்னால் பாட்டிலைக் கையில் வாங்கி லேபிளில் தேதியைப் பாருங்கள். பீர் வைத்திருந்தால் முதிர்ந்து நன்றாகும் என்ற நம்பிக்கை ஒயினிலிருந்து இங்கே வந்துவிட்டது. நாம் வழக்கமாகக் குடிக்கும் லாகர் வகை பீருக்கு அது பொருந்தாது, ஆலையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து அது இறங்குமுகம்தான். அதில் முக்கிய எதிரி சூடு. பீர் தொழிலில் இருப்பவர்கள் 3-30-300 என்று ஒரு குத்துமதிப்புக் கணக்கு வைத்திருக்கிறார்கள். 32 டிகிரியில் 3 நாளில் வரும் கெடுதல், 22 டிகிரியில் 30 நாளிலும், ஃப்ரிட்ஜுக்குள் 300 நாளிலும் வரும் என்பது அதன் சாரம். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியை அலட்சியமாகத் தாண்டும் நம் ஊரில், தகரக் கூரைக்கு அடியில் அடுக்கிய பெட்டி என்ன கதியாகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ஒரு வாடை பீரில் வந்தால் அது சூட்டிலும் காற்றிலும் கெட்டது. உடம்புக்கு ஒன்றும் செய்யாது, ருசி போய்விட்டது, அவ்வளவுதான். தயாரித்து இரண்டு மாதத்துக்குள் இருக்கும் பாட்டில் கூலிங் இல்லாமல் கிடைத்தால், ஐந்து மாதப் பழைய ஜில் பாட்டிலை விட்டு அதை வாங்கி வந்து வீட்டில் குளிரவைப்பேன்.

இரண்டாவது எதிரி வெளிச்சம். ஹாப்ஸ் என்ற பூவிலிருந்துதான் பீருக்குக் கசப்பு வருகிறது. அந்தக் கசப்புப் பொருளின் மேல் வெயில் பட்டால் அது உடைந்து கந்தகம் கலந்த ஒரு நாற்றப் பொருளாக மாறும். பிரவுன் பாட்டில் அதை நன்றாகத் தடுக்கும், பச்சை பாட்டில் கொஞ்சம்தான் தடுக்கும், வெள்ளைக் கண்ணாடி தடுக்கவே தடுக்காது. பச்சை பாட்டில் என்றால் ஃபாரின் சரக்கு, உசத்தி என்று எடுப்பவர்கள் நிறையப் பேர். அதே பீர் கேனில் கிடைத்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு கேனைத்தான் எடுப்பேன். கேனுக்குள் வெளிச்சம் ஒரு துளி போகாது, சீக்கிரம் குளிரும், தோப்பில் விழுந்தாலும் உடையாது. கேனில் தகர வாடை அடிக்கிறது என்று சொல்பவர்கள் கேனோடு வாய் வைத்துக் குடிக்கிறார்கள். டம்ளரில் ஊற்றினால் அந்த வாடை இல்லை.

ஒரு கல்யாணத்துக்கு முதல் நாள், மே மாதம், பெட்டிகளை வேனிலிருந்து இறக்கித் தென்னை மரத்தடியில் வைத்தோம். நிழல் நகர்ந்துவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. சாயங்காலம் திறந்த ஒவ்வொரு பாட்டிலிலும் நாற்றம். அன்றிலிருந்து ஈரக் கோணிப்பை போட்டு மூடாமல் நான் பெட்டியை வெளியே வைத்ததில்லை. வண்டியில் கொண்டு வரும்போதும் துணிப்பைக்குள் செய்தித்தாள் சுற்றி வையுங்கள்.

ஒருமுறை குளிர்ந்து சூடாகிவிட்டால் மறுபடி குளிரவைக்கக் கூடாது, கெட்டுவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. குளிர்வதும் சூடாவதும் தானாக எதையும் கெடுப்பதில்லை. மொத்தமாக எத்தனை நேரம் சூட்டில் கிடந்தது என்பதுதான் கணக்கு.

கிளிசரின் இறக்குவதை நிறுத்துங்கள்

இதற்காக என் சித்தப்பாவோடு மூன்று வருடம் வாதாடியிருக்கிறேன். பாட்டிலைத் திறந்து, கட்டைவிரலால் வாயை மூடி, தலைகீழாகத் தண்ணீர் டம்ளருக்குள் விடுவார். பாட்டில் வாயிலிருந்து எண்ணெய் மாதிரி நெளிநெளியாக ஒன்று இறங்கும். "பார்த்தியா, கிளிசரின் இறங்குது, இதுதான் உடம்பைக் கெடுக்கிறது" என்பார். இந்தப் பழக்கம் நம் ஊரில் மட்டுமல்ல, நாடு முழுக்க இருக்கிறது.

இறங்குவது பீர்தான். பீரில் கரைந்திருக்கும் சர்க்கரைப் பொருள்களால் அது தண்ணீரைவிடத் துளி கனம் அதிகம். அதனால் பீர் கீழே இறங்க, டம்ளரில் இருந்த தண்ணீர் மேலே பாட்டிலுக்குள் ஏறும். இரண்டு திரவம் கலக்கும் இடத்தில் வெளிச்சம் வளைவதால் அந்த எண்ணெய் நெளிவு தெரிகிறது. கிளிசரின் கொஞ்சம் எந்தப் பீரிலும் இருக்கும், உண்மைதான். ஈஸ்ட் நொதிக்கும்போது அதுவே உண்டாக்குகிறது, லிட்டருக்கு ஓரிரு கிராம். ஆனால் அது தண்ணீரில் முழுசாகக் கரையும் பொருள், அது மட்டும் தனியாகப் பிரிந்து கீழே வர வழியே இல்லை.

நம்பாதவருக்கு ஒரு சோதனை. காலி பாட்டிலில் சர்க்கரைத் தண்ணீர் நிரப்பி, விரலால் மூடி, அதே மாதிரி தண்ணீர் டம்ளரில் கவிழ்த்துக் காட்டுங்கள். அதே நெளிவு, அதே எண்ணெய். சர்க்கரைத் தண்ணீரில் ஏது கிளிசரின்? அப்புறம் பீர் இறக்கிய டம்ளர் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், பீர் ருசிதான் இருக்கும். என் சித்தப்பா இந்தச் சோதனைக்குப் பிறகு ஐந்து நிமிடம் எதுவும் பேசவில்லை. இப்போது அவரே மற்றவர்களுக்குச் செய்து காட்டுகிறார். இறக்கிய பீர் லேசாக இருக்கிறதே என்பார்கள். இருக்கத்தான் செய்யும், அதில் தண்ணீர் ஏறியிருக்கிறது, கேஸும் போயிருக்கிறது. தண்ணீர் கலந்து குடிக்க ஆசை என்றால் நேராகக் கலந்துகொள்ளலாம், நல்ல பீரைக் கையால் மூடிக் கவிழ்க்க வேண்டாம்.

குளிரவைப்பது

ஃப்ரீசரில் வைத்து மறந்துபோன பாட்டில் எங்கள் வீட்டில் வெடித்திருக்கிறது. தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் பெருக்கும், மூடிய பாட்டிலில் அதற்கு இடமில்லை. கண்ணாடித் துண்டைப் பட்டாணிப் பாக்கெட்டிலிருந்து பொறுக்கிய என் மனைவி அதற்குப் பிறகு ஃப்ரீசரில் பாட்டில் வைக்க விட்டதில்லை, அவள் செய்தது சரி.

வேகமாகக் குளிர வேண்டும் என்றால் பக்கெட்தான். ஒரு பக்கெட்டில் பாதி ஐஸ் கட்டி, பாட்டில் கழுத்துவரை முங்கத் தண்ணீர், இரண்டு கை கல் உப்பு. தண்ணீர் முக்கியம். வெறும் ஐஸ் பாட்டிலை அங்கங்கே மட்டும்தான் தொடும், தண்ணீர் சுற்றி முழுக்கத் தொடும். உப்பு சேர்ந்தால் தண்ணீர் பூஜ்ஜியத்துக்கும் கீழே போகும். நான்கைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாட்டிலை மெதுவாகத் திருப்பிவிடுங்கள். 20 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஃப்ரிட்ஜில் இதற்கு மணிக்கணக்காகும். அதற்கு மேல் உப்பு பக்கெட்டிலேயே விட்டுவிடாதீர்கள், பீரும் உறையக்கூடியதுதான்.

அடுத்த கருத்துக்கு எங்கள் செட்டில் ஒருவர்கூட ஆதரவு தரவில்லை: பல் கூசும் அளவுக்குக் கூலிங் வேண்டாம். நாக்கு மரத்துப்போனால் ருசி தெரியாது. லாகருக்கு 5 முதல் 7 டிகிரி போதும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஊற்றினால் நம் ஊர்ச் சூட்டில் இரண்டாவது வாய்க்கு அந்த அளவுக்கு வந்துவிடும். டம்ளரை ஃப்ரீசரில் வைத்துப் பனி படியவைத்துத் தருவதையும் விடுங்கள், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அந்தப் பனி உருகித் தண்ணீராகப் பீரில் கலக்கும், ஃப்ரீசரில் இருக்கிற மீன் வாடையும் சேர்ந்து வரும். டம்ளரைப் பச்சைத் தண்ணீரில் ஒருமுறை அலசி ஈரத்தோடு ஊற்றுங்கள்.

இப்போது ஐஸ். பீரில் ஐஸ் போட்டால் பாவம் என்பது போலப் பேசுகிறார்கள். தாய்லாந்திலும் வியட்நாமிலும் பீரில் ஐஸ் போட்டுத்தான் சாதாரணமாகக் குடிக்கிறார்கள், அவர்களுக்கும் நம் மாதிரியே வெயில். அக்னி நட்சத்திரத்தில், கரண்ட் போன மாடியில், ஸ்ட்ராங் பீரில் ஒரு பெரிய ஐஸ் கட்டி போட்டுக் குடிப்பது எனக்குச் சரியாகத்தான் படுகிறது. அது உருக உருக ஸ்ட்ராங் மைல்டாகிறது, எரிச்சல் அடங்குகிறது. சின்னச் சின்னதாக நொறுக்கிய ஐஸ் வேண்டாம், அது நுரையைக் கொட்டி வழியவிட்டு நிமிடத்தில் கரைந்துவிடும். மைல்டுக்கு ஐஸ் தேவையில்லை.

ஊற்றுவது

நுரை வந்தால் நஷ்டம் என்று நினைத்து டம்ளரைப் படுக்கவைத்து, ஒரு பொட்டு நுரை இல்லாமல் ஊற்றுவதை இங்கே திறமை என்று சொல்கிறார்கள். அந்த நுரைக்குள்தான் வாசம் இருக்கிறது. அதோடு, டம்ளரில் வெளியேறாத கேஸ் எங்கே போகும்? வயிற்றுக்குள் போய் உப்பும். "பீர் குடிச்சா வயிறு கட்டிக்குது" என்பவர்களில் பாதிப்பேர் பாட்டிலோடு வாய் வைத்துக் குடிப்பவர்கள்.

டம்ளரைச் சாய்த்துப் பிடித்து முக்கால் பங்கு ஊற்றுங்கள், பிறகு நிமிர்த்தி நடுவில் கொஞ்சம் உயரத்திலிருந்து ஊற்றுங்கள். இரண்டு விரல் கட்டை அளவு நுரை நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் பெரும்பாலும் பீர் மேல் குற்றமில்லை, டம்ளரில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. பால், மோர் குடித்த டம்ளரில் இது அதிகம். உள்பக்கத்தைத் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள், தண்ணீர் சீராகப் படர்ந்தால் சுத்தம், துளித்துளியாக நின்றால் இன்னும் பிசுக்கு இருக்கிறது. சோப்பு தங்கினாலும் நுரை நிற்காது, நன்றாக அலசிக் கவிழ்த்துக் காயவையுங்கள், துணியால் துடைக்க வேண்டாம்.

கண்ணாடி டம்ளர் நல்லது, நிறத்தைப் பார்க்கலாம். ஆனால் மாடிக்கும் தோப்புக்கும் நம் வீட்டு எவர்சில்வர் டம்ளர் எனக்குப் போதும், உடையாது, கழுவினால் வாடை தங்காது, விளிம்பைப் பிடித்துக்கொண்டால் சீக்கிரம் சூடாவதும் இல்லை. பிளாஸ்டிக் கப் மட்டும் வேண்டாம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அதற்குத் தடை இருக்கிறது, தடை இல்லாவிட்டாலும் பீருக்கு அது ஆகாது, கை பட்டாலே நெளிந்து பாதி கீழே சிந்தும். பல்லால் மூடியைத் திறக்கும் வீரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை, ஓப்பனர் ஒன்றைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

தொட்டுக்கொள்ள

பிரியாணியோடு பீர் வேண்டாம். ஆம்பூர் பிரியாணியை நேசிப்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன். ஊறவைத்த காய்ந்த மிளகாயை அரைத்துப் போட்ட காரம் அது. காரத்தை ஆல்கஹாலும் கேஸும் ஹாப்ஸ் கசப்பும் சேர்ந்து தூண்டிவிடும், எரிகிறதே என்று இன்னும் குடிப்பீர்கள், கடைசியில் பிரியாணியும் தெரியாது பீரும் தெரியாது. பிரியாணிக்குத் தயிர்ப் பச்சடியும் எண்ணெய் கத்தரிக்காயும் இருக்க வேறு எதுவும் எதற்கு. மைல்டு பீருக்கு உப்புப் போட்டு வேகவைத்த மல்லாட்டை (வேர்க்கடலை) மாதிரி ஒன்று இல்லை. தோலோடு வேகவைத்தது, சூடாக, உரித்து உரித்துத் தின்பதாலேயே குடிக்கும் வேகம் தானாகக் குறையும். மாங்காய்ப் பத்தையும் சரிதான், மிளகாய்த்தூள் இல்லாமல் உப்பு மட்டும் போட்டு. சில்லி சிக்கன், சில்லி காலிஃபிளவர் எல்லாம் உப்பையும் காரத்தையும் காட்டி வேகமாகக் குடிக்கவைக்கிற ஐட்டங்கள். முக்கியமாக, குடிக்க உட்காரும் முன்பே வயிற்றுக்குள் சாப்பாடு போயிருக்க வேண்டும்.

லாகர் தாண்டி

வேறு வகைகளைத் தெரிந்துகொள்ள நமக்குப் பக்கத்து வழி பெங்களூர்தான். காலையில் காட்பாடியில் ரயில் ஏறி மதியம் போய், அங்கேயே காய்ச்சி ஊற்றும் கடைகளில் ஒன்றில் உட்கார்ந்து, முழு கிளாஸ் சொல்லாமல் சாம்பிளர் கேளுங்கள், சின்னச் சின்ன கிளாஸில் நான்கைந்து வகை தருவார்கள். வெளிறியதில் தொடங்கிக் கறுப்பில் முடியுங்கள், ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) இருந்தால் கடைசிக்கு முந்தியதாக வைத்துக்கொள்ளுங்கள், அதன் கசப்புக்குப் பிறகு லேசான பீர் எதுவும் நாக்கில் ஏறாது. ரயிலில் திரும்புங்கள். பாட்டில் எதையும் மாநிலம் தாண்டித் தூக்கிவர வேண்டாம், மதுவிலக்குச் சட்டப்படி அது வம்பு.

கோதுமை பீர் கலங்கலாக இருக்கும், கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். ஜெர்மன் வகையில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும், இரண்டையும் யாரும் போடவில்லை, அந்த ஈஸ்ட்டே உண்டாக்கும் வாசம். பெல்ஜியம் வகையில் தனியாவும் ஆரஞ்சுத் தோலும் நிஜமாகவே போடுகிறார்கள். நம் ரசப்பொடி வாசம் பிடித்தவருக்கு அது உடனே பிடிக்கும். பீர் கசக்கிறது என்று ஒதுக்குபவர்களுக்கு நான் முதலில் இதைத்தான் கொடுப்பேன். எலுமிச்சைத் துண்டு செருகித் தந்தால் எடுத்து ஓரமாக வையுங்கள், அது அந்த நல்ல வாசத்தை மூடிவிடும்.

கறுப்பு பீர் என்றால் எல்லோரும் பயப்படுகிறார்கள், அது ஸ்ட்ராங்குக்கும் ஸ்ட்ராங் என்று. நிறத்துக்கும் போதைக்கும் சம்பந்தமே இல்லை. உலகம் முழுக்கத் தெரிந்த அயர்லாந்து ஸ்டவுட்டான கின்னஸ் டிராஃப்டில் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான். அந்தக் கறுப்பு காபிக்கொட்டை மாதிரி வறுத்த பார்லியிலிருந்து வருகிறது, ருசியும் சர்க்கரை கம்மியான டிகிரி காபிக்குப் பக்கத்தில் இருக்கும். இதை ஜில்லென்று குடிக்கவே கூடாது, பத்து டிகிரியில்தான் வாசமெல்லாம் வெளியே வரும். ஆற்காட்டு மக்கன் பேடா இரண்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போய் நண்பர் வீட்டில் ஸ்டவுட்டோடு சாப்பிட்டேன். பேடாவின் பாகுத் தித்திப்பை அந்த வறுத்த கசப்பு அப்படியே பிடித்து நிறுத்தியது. பீரும் இனிப்புமா என்று முகம் சுளித்த நண்பர்தான் இரண்டாவது பேடாவை எடுத்தார்.

ஐபிஏ பேரில் இந்தியா இருப்பதால் அது நம்முடையது என்று பெருமை பேசுவதை நான் ஏற்பதில்லை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனிலிருந்து கப்பலேறி மெட்ராஸ், கல்கத்தா, பம்பாய் வந்த வெளிறிய, ஹாப்ஸ் தூக்கலான பீர்தான் அதன் மூதாதை. அதை இங்கே காய்ச்சவும் இல்லை, நமக்காக அனுப்பவும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் குடித்தது அது. வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் கப்பலில் வந்தது பெரும்பாலும் போர்ட்டர் என்ற கறுப்பு பீர். வேலூர்க் கோட்டையைச் சுற்றி நடக்கும்போது இதை நினைத்துக்கொள்வேன், இந்த வெயிலில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு அவர்கள் கறுப்பு பீர் குடித்திருக்கிறார்கள். வெயிலுக்கு லாகர்தான் என்பது பழக்கமே தவிர விதி இல்லை.

அரிசி போட்ட பீர் கலப்படம் என்பதும் எனக்கு ஒப்பாத பேச்சு. 1516-இல் பவேரியாவில் போட்ட பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மட்டும் என்ற சட்டத்தைக் காட்டுவார்கள். கோதுமை ரொட்டிக்கு மிஞ்ச வேண்டும் என்ற கவலையும் அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தது. அரிசி சேர்த்தால் பீர் வெளிறி, லேசாகி, பளிச்சென்று முடியும், ஜப்பான்காரர்கள் அதை அழகாகவே செய்கிறார்கள். ஆற்காடு கிச்சிலிச் சம்பா போட்டு யாராவது முறையான லைசென்ஸோடு ஒரு மைல்டு பீர் காய்ச்ச வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஜவ்வாது மலைச் சாமையிலும் செய்து பார்க்கலாம். வீட்டில் மட்டும் முயல வேண்டாம், தமிழ்நாட்டில் அது குற்றம்.

சேர்ந்து குடிப்பது

1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1939-இல் வட ஆற்காட்டுக்கு வந்தது. நம் தாத்தாக்கள் காலம் முழுக்க குடி என்பது ஒளிந்து, நின்றபடி, ஒரே மூச்சில் முடிக்கிற வேலையாகவே இருந்தது. கடை திறந்த பிறகும் அந்த அவசரம் நம்மை விடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. உட்கார்ந்து, பேசி, ஒரு டம்ளரை முக்கால் மணி நேரம் வைத்திருப்பவரை "என்னடா பால் குடிக்கிறியா" என்று கிண்டல் செய்கிறோம். நான் அந்தக் கிண்டலை வாங்கிக்கொண்டு மெதுவாகவே குடிக்கிறேன். போதும் என்றவருக்கு "எனக்காக ஒண்ணே ஒண்ணு மச்சான்" என்று ஊற்றக் கூடாது. டம்ளரின் மேல் உள்ளங்கையை வைத்துவிட்டால் அதற்கு மேல் யாரும் கேட்கக் கூடாது என்று எங்கள் செட்டில் ஒரு வழக்கம் கொண்டுவந்தோம், இப்போது எல்லோரும் மதிக்கிறார்கள். குடிக்காத நண்பருக்கு மோர், எலுமிச்சை சோடா என்று நல்லதாக ஏதாவது வாங்கி வையுங்கள், மிக்சிங்குக்கு வாங்கிய கூல்டிரிங்க்ஸில் மிச்சத்தைத் தராதீர்கள்.

பீர் சூட்டைத் தணிக்கும் என்பது பொய். குளிர்ச்சி வாயோடு சரி. உடம்பில் தண்ணீரைப் பிடித்துவைக்கும் ஹார்மோனை ஆல்கஹால் அடக்கிவிடும், சிறுநீர் அதிகமாகப் போகும். வெயிலில் அலைந்து வந்தவர் முதலில் தண்ணீரோ நுங்கோ மோரோ குடித்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு பீரைத் தொடட்டும். ஒவ்வொரு டம்ளர் பீருக்கும் ஒரு டம்ளர் தண்ணீர். அப்புறம் இந்தக் கல் கதை. கிட்னியில் கல் இருக்கிறது, பீர் குடித்தால் கரைந்துவிடும் என்று ஊரில் எத்தனை பேர் மருந்தாகக் குடிக்கிறார்கள். பெரும்பாலான கல் கால்சியம் ஆக்ஸலேட், அதைப் பீர் கரைக்காது. சிறுநீர் அதிகம் போவதைப் பார்த்து வந்த நம்பிக்கை அது. நாடு முழுக்க வைத்தியத்துக்கு ரயிலேறி வருகிற ஊரில் இருந்துகொண்டு, வலியை வைத்துக்கொண்டு பீர் கடைக்குப் போகாதீர்கள்.

வண்டி விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினால் குற்றம், முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டும் சேர்ந்தோ கிடைக்கலாம். 70 கிலோ எடையுள்ள ஆண் ஒரு மைல்டு பாட்டிலை முழுதாகக் குடித்தாலே அந்த அளவைத் தாண்டிவிடலாம். "பீர்தானே, ஒண்ணும் ஆகாது" என்று பைபாஸில் ஏறுபவர்கள் அந்தச் சாலையில் ராத்திரி ஓடும் லாரிகளை நினைக்க வேண்டும். சாவிகளை முதலிலேயே குடிக்காதவரிடம் கொடுத்துவிட்டு உட்காருங்கள், திரும்ப வாங்குவது மறுநாள் காலையில்.

காலி பாட்டில்கள். பாலாற்று மணலில் மாலை நேரம் செருப்பில்லாமல் நடந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது, இப்போது அப்படி நடக்க முடியாது, அங்கங்கே கண்ணாடிச் சில்லு. மேய வரும் மாட்டின் குளம்பில் ஏறும், நிலத்தில் ஏர் ஓட்டுபவர் காலில் ஏறும். காலி பாட்டிலுக்கு 10 ரூபாய் திரும்பத் தரும் ஏற்பாடு 2022-இல் நீலகிரியில் தொடங்கியதே காட்டு விலங்குகளின் காலை அறுத்த இந்தச் சில்லுகளால்தான். தோப்புக்குப் போகும்போது நான் ஒரு கோணிப்பை எடுத்துப்போவேன். எத்தனை பாட்டில் போனதோ அத்தனையும் எண்ணி அதற்குள் போட்ட பிறகுதான் கிளம்புவோம். மூடிகளையும் டார்ச் அடித்துப் பொறுக்கிவிடுங்கள், அதன் பல் விளிம்பும் காலைக் கிழிக்கும்.